தரங்கம்பாடிக்கு ஒரு நன்றி மடல்

தரங்கம்பாடியிலும் அங்கு வரும் வழியிலும் எங்களுக்கு உதவிய அனைவருக்கும் வணக்கம்.

கடந்த மாசி மாதத்தில் ஒரு நாள், என் தந்தையாரைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு உங்கள் ஊரை மோட்டார் சைக்கிளில் சுற்றிப் பார்த்தேன். உதவியவர்களில் பெரும்பாலோரின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமலே திரும்பிவிட்டதால், இதைப் பொதுமடலாகவே எழுத வேண்டியிருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை ஓடிய ரயில் 1986-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இளமையில் அதில் வந்து இறங்கிய தந்தையார், நினைத்த இடத்தில் நிற்க வேண்டுமானால் பேருந்து சரிப்படாது, வண்டியிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டார்.

முதல் நன்றி, ஆக்கூரைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சரானபோது துணை நின்றவர்களுக்கு. சாலையோரம் நெல் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள், முழங்கால் வலியோடு நின்ற என் தந்தையாருக்கு மரநிழலில் சாக்கு விரித்து இடம் கொடுத்தார்கள். அவர்கள் சொல்லியனுப்ப வந்த பஞ்சர் கடைப் பெரியவர், டியூபில் பேட்ச் ஒட்டியதோடு நிற்காமல், தளர்ந்திருந்த செயினையும் இறுக்கிக் கொடுத்தார். உப்புக்காற்றில் நின்ற வண்டியை வீடு திரும்பியவுடன் நன்னீரில் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும் என்றும் சொன்னார். சொன்னபடியே செய்தேன் என்பதை அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

1792-இல் கட்டப்பட்ட நகர வாயிலுக்குள் நுழைந்து, ராஜ வீதியில் இரண்டாம் கியரிலேயே மெல்ல ஊர்ந்து சென்றோம். புதிய எருசலேம் ஆலயத்தின் வாசலில் எங்களோடு பேசத் தொடங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்குத்தான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன். 1706-இல் இங்கு வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, 1718-இல் இந்த ஆலயத்தைக் கட்டி முடித்த மறு ஆண்டே இறந்து இதற்குள் அடக்கமாகியிருக்கிறார் என்பது வரை நான் படித்திருந்தேன். ஆசிரியர் அவருடைய அச்சுப் பணிக்குப் பின்னாலிருந்த உழைப்பைச் சொன்னார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்ததால், தட்டுப்பாடாயிருந்த காகிதம் விரைவில் தீர்ந்துவிடும் என்று இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்களாம். அப்படித்தான் 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்திருந்தார்கள் என்றார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே இங்குதான் வந்தது என்று ஊர்ப்பெருமைக்காகச் சிலர் சொல்லிவிடுவதுண்டு. அந்தப் பெருமை 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்துக்கு உரியது என்று அவரே திருத்திச் சொன்ன நேர்மையை என் தந்தையார் இன்னமும் பாராட்டிக்கொண்டிருக்கிறார்.

டேன்ஸ்போர்க் கோட்டையில் மேல்தளத்துக்கு ஏற என் தந்தையாருக்குத் தோள் கொடுத்த இளைஞர்களுக்கு நன்றி. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று 1620-இல் டென்மார்க் நாட்டவரான டேனியர் எழுப்பிய இக்கோட்டை, 1845-இல் அவர்களது மற்ற இடங்களோடு பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் கைமாறியது. இத்தகைய விவரங்களை அருங்காட்சியகத்தில் படித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த உயரத்திலிருந்து கடலைப் பார்க்க என் தந்தையாருக்கு உங்கள் தோள்கள்தான் தேவைப்பட்டன.

மாசிலாமணிநாதர் கோயிலருகே மணலில் வண்டியை நிறுத்தியபோது சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி சாயத் தொடங்கியது. வலை பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஓடிவந்து, ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. தம் மாமியார் காலத்தில் கரை எதுவரை இருந்தது என்பதை, பாறைகளுக்கு அப்பால் அலை உடையும் இடத்தைக் கைநீட்டி அவர் காட்டினார். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை; அவரும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்லவில்லை. அதன்பின் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அரைமணி நேரத்துக்காக அவருக்கு நான் சொல்லும் நன்றி தனியானது.

மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை முன்னால் தம் வண்டியில் சென்று, வேகத்தடைகள் வரும் இடங்களில் கையசைத்து எச்சரித்த தம்பிக்கும் நன்றி.

ஆசிரியர் ஐயாவையும் வலை பிரித்த அக்காவின் குடும்பத்தாரையும் எடுத்த படங்களை அச்சிட்டு, கோட்டைக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் சேர்ப்பித்திருக்கிறேன். உறையின் மேல் அடையாளம் எழுதியுள்ளேன். உரியவர்கள் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
தந்தையோடு வந்திருந்த மகன்