சங்குக்குச் சொந்தக்காரர்கள்

சிங்கப்பூர்
மார்ச் 9

அன்புள்ள அந்தோணிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. அது கைக்குக் கிடைத்த அன்று நான் அனிலாவோ போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து நிதானமாக எழுதலாம் என்று வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சின்னவள் விலங்கியல் எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் சாந்தியைக் கூப்பிட்டு அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அவளுக்காகவே இந்தக் கடிதத்தில் சில விஷயங்கள் இருக்கின்றன.

"இந்த வயதில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அப்படி என்னதான் பார்க்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். சுறாவும் ஆமையும் பார்க்கத்தான் போகிறேன் என்று நினைத்திருப்பாய். நான் தேடிப் போவது சுண்டுவிரல் அளவு, சில நேரம் அதன் நகத்தைவிடச் சின்னதாக இருக்கும் நத்தைகளை. ஓடில்லாத கடல் நத்தை. நூடிபிராங்க் என்கிறார்கள், மூடாத செவுள் என்று அர்த்தம். கடல் அட்டை என்று எடுத்துக்கொள்ளாதே, அது வேறு வம்சம். இது உன் அப்பா குளித்தெடுத்த சங்குக்குச் சொந்தம். முட்டையை விட்டு வரும்போது இதற்கும் துளியூண்டு ஓடு உண்டு. வளரும் முன்பே அதை உதறிவிடுகிறது.

அனிலாவோ பிலிப்பைன்ஸில் பத்தாங்காஸ் மாகாணத்துக் கடற்கரை. மணிலாவிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய பங்கா என்ற படகில்தான் கூட்டிப்போகிறார்கள். எதிரே தெரியும் வெர்டே தீவுக் கடல்வழியில் இருக்கும் கரையோர மீன் வகைகளைப்போல் உலகில் வேறெங்கும் இத்தனை நெருக்கமாக இல்லை என்று 2005-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கலிபோர்னியா அறிவியல் அகாதமியைச் சேர்ந்த டெரன்ஸ் கோஸ்லைனர் என்பவர் பல வருஷமாக இங்கே இறங்கி இந்த நத்தைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவரும் சகாக்களும் 2015-இல் நடத்திய ஒரே பயணத்தில் அறிவியலுக்குப் புதிதான உயிர்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன, அவற்றில் பல இந்த நத்தைகள். இவ்வளவு படகு போய்வரும் கரையில் இன்னும் பெயர் வைக்காத உயிர்கள் இருக்கின்றன என்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இரண்டாம் நாள் காலை பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பாறைச் சரிவு. அந்த ஆழத்தில் சிவப்பு என்ற நிறமே கிடையாது, எல்லாம் சாம்பல் கலந்த நீலம். எங்கள் வழிகாட்டிப் பையன் தன் கம்பியால் சிலிண்டரில் 'டிங்' என்று தட்டி, ஒரு கடற்பஞ்சைக் காட்டினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சை அடித்தேன். அந்தோணி, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு உடம்பு. அதைச் சுற்றி மாக்கோலம் இழுத்ததுபோல வெள்ளைக்கரை. தலையில் மஞ்சளாக இரண்டு கொம்பு, முதுகின் பின்பக்கம் அதே மஞ்சளில் ஒரு பூங்கொத்து. அந்தப் பூங்கொத்துதான் செவுள், மூச்சு விடும் இடம். கொம்புகள் அதற்கு மூக்கு மாதிரி; தண்ணீரில் கரைந்து வரும் வாசனையை வைத்தே இரையையும் துணையையும் கண்டுபிடிக்கிறது. கண் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் எது இருட்டு எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன். என் கை அசைந்து தண்ணீர் தள்ளியதும் பூங்கொத்து தொட்டாற்சிணுங்கி மாதிரி சுருங்கி உள்ளே போய்விட்டது. நான் அசையாமல் மிதந்தேன். இரண்டு மூன்று நிமிஷம் கழித்து ஒவ்வொரு இதழாக வெளியே வந்தது.

ஓட்டை விட்டவன் எப்படிப் பிழைக்கிறான் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த கதை. பல கடற்பஞ்சுகளில் மீன்கள் வாய்வைக்க முடியாத விஷம் இருக்கும். இந்த வகை நத்தை அதையே தின்று, விஷத்தைத் தன் தோலோரத்துச் சுரப்பிகளில் சேர்த்துவைக்கிறது. அந்தப் பளீர் நிறம், "என்னைத் தொடாதே" என்று மீனுக்கு எழுதிப்போட்ட பலகை. இன்னொரு கூட்டம் இருக்கிறது, முதுகெல்லாம் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். அவை தின்பது ஹைட்ராய்டுகளை, பார்க்கச் சின்னச் செடி மாதிரி பாறையில் ஒட்டியிருக்கும் உயிர்கள். சொறிமீன் பட்டால் எரியுமே, அதே மாதிரி ஊசிகள் அவற்றிலும் உண்டு. வெடிக்காத ஊசிகளைக் குடல் வழியாகக் கடத்தி, முதுகு விரல்களின் நுனியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கடன் வாங்கிய ஆயுதம், ஆனால் வேலை செய்கிறது. சங்கு வருஷக்கணக்காகச் சுண்ணாம்பு சேர்த்துச் சுவர் கட்டுகிறது. இவன் அடுத்தவன் வீட்டு ஈட்டியை எடுத்துக்கொண்டு திறந்தவெளியில் நடக்கிறான்.

இரவு இறங்கியபோது மெலிபே என்ற ஒன்றைப் பார்த்தோம். நீ இதை நேரில் பார்க்கவேண்டும். வாயைச் சுற்றி மெல்லிய, கண்ணாடி மாதிரி ஒரு பெரிய குடை. அதை விரித்து மணலில் கவிழ்க்கிறது, ஓரங்களைச் சேர்த்து இறுக்குகிறது, உள்ளே மாட்டிய குட்டி இறால் போன்றவற்றை விழுங்குகிறது. மறுபடி விரிக்கிறது. அப்படியே நம் ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலை போடுவதுதான். பத்து நிமிஷத்துக்கு மேல் அதன் பக்கத்திலேயே இருந்தேன்.

அப்புறம் ஒரு பாறையின் அடியில் ரோஜாப்பூ மாதிரி, ரிப்பனைச் சுருட்டி நிறுத்தியதுபோல ஒன்று. அது முட்டை. ஒரே ரிப்பனில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பார்த்ததும் உன் அப்பா ஞாபகம். ஒரு நாள் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஒன்றைக் கொண்டுவந்து, "சங்குப்பூலே, இதுக்குள்ளதான் குஞ்சு இருக்கும்" என்று நம் கையில் வைத்தாரே. அதை வகுப்புக்கு எடுத்துப்போக நாம் சண்டை போட்டோம்.

அவரைத்தான் இந்தப் பயணம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகில் ஒரு மணி நேரத்துக்குக் காற்று இருக்கிறது. அவருக்கு இருந்தது ஒரு மூச்சு. அதற்குள் இறங்கி, மணலைப் பார்த்து, சங்கை எடுத்து, மேலே வரவேண்டும். அதில்தான் உங்கள் வீட்டு உலை கொதித்தது. சங்கு எடுக்கும் கடலடிப் பாரில் இந்த நத்தைகள் அவர் கண்ணெதிரிலேயே இருந்திருக்கும். நின்று பார்க்க மூச்சு மிச்சம் இருந்திருக்காது. ஒரே ஒரு தடவை என் பக்கத்தில் அவரை மிதக்கவைத்து, டார்ச்சை அவர் கையில் கொடுத்திருக்கவேண்டும் மக்கா.

சின்னவளிடம் இதைச் சொல். இந்த நத்தைகள் ஒவ்வொன்றும் ஆணும்தான் பெண்ணும்தான். சேரும்போது இரண்டும் எதிரெதிராக வந்து வலப்பக்கத்தோடு வலப்பக்கத்தை ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் உறுப்பு அந்தப் பக்கம்தான். சுருண்ட ஓட்டுக்குள் இருந்த முன்னோர்களின் உடல் அமைப்பு ஓடு போன பிறகும் இதில் மிச்சமிருக்கிறது. இன்னொன்று: ஜப்பானில் நாரா மகளிர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயாகா மிட்டோ 2021-இல் வெளியிட்டது. இவற்றின் உறவான எலிசியா என்ற பச்சை நத்தையில், தலை தன் உடம்பைத் தானே கழற்றிவிட்டு நகர்ந்து போகிறது. ஏறக்குறைய மூன்று வாரத்தில் இதயத்தோடு புது உடம்பு முளைத்துவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்கும்போது அவர் ஆராய்ச்சி மாணவிதான், அதையும் சொல்.

எல்லாம் சந்தோஷமாக இல்லை. பசுரா என்று ஒரு இடம், குப்பை என்று அர்த்தம். பெயருக்கேற்ப பிளாஸ்டிக் பையும் டப்பாவும் கிடக்கின்றன, அவற்றின்மேலும் நத்தைகள் ஊர்கின்றன. 2023 பிப்ரவரி 28-இல் மிண்டோரோ தீவு அருகே ஒரு எண்ணெய்க் கப்பல் 8 லட்சம் லிட்டர் எண்ணெயோடு மூழ்கி, இந்தக் கடல்வழி வரைக்கும் கறுப்பு பரவியது. நீந்தி ஓட முடியாத, பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல் வாழாத உயிருக்கு அது என்ன ஆகும் என்று யோசித்தாலே மனது கனக்கிறது.

நம் ஊரிலும் இவை உண்டு. எட்டாவது படிக்கும்போது முயல் தீவில் நீ ஒரு பழுப்பு நிற வழவழப்பான உருவத்தைத் தூக்கினாய். அது கையெல்லாம் ஊதா மையைக் கக்கியது, உன் வெள்ளைச் சட்டைக்கு அம்மாவிடம் அடி வாங்கினாய். அது கடல் முயல், இந்த நத்தைகளின் இன்னொரு உறவு. முயல் தீவில் கடல் முயல்! ஒரு அமாவாசை பார்த்து, தண்ணீர் வற்றும் நேரத்தில் சின்னவளை அங்கே கூட்டிப்போ. ஒரு பூதக்கண்ணாடி போதும். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வைக்கச் சொல், அடிப்பக்கம் ஒட்டியிருப்பதெல்லாம் வெயில் பட்டால் செத்துவிடும். ஒரு கல்லுக்குக் குறைந்தது ஐந்து நிமிஷம். முதல் ஐந்து கல்லில் ஒன்றும் கிடைக்காது, ஆறாவதில் கிடைக்கும்.

மே மாதம் பதினைந்து நாள் லீவு போட்டு வருகிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். அப்பா இடுப்பில் கட்டும் அந்த வலைப்பை இன்னும் பரணில் இருக்கிறதா? இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
கணேசன்