வெளிப் பெட்டியில் வந்தது புகை இல்லை, பாப்பா

டொங்காட், தென்னாப்பிரிக்கா,
ஜூலை 9

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

நேற்றுக் காலை நீ அனுப்பிய வீடியோவை அப்பாவும் நானும் நாலு தடவை பார்த்தோம். ஏசியின் வெளிப் பெட்டியிலிருந்து குபுகுபுவென்று வெள்ளையாக எழும்புகிறது, பின்னால் மாப்பிள்ளை அணை அணை என்று கத்துகிறார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், அப்புறம் சிரித்தார். அது புகை இல்லையாம், ஆவியாம். இட்லிப் பானையைத் திறந்தால் வருமே, அதேதான்.

மூன்று வாரமாக நீ வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறாய். அப்பா குரல் செய்தியில் பதில் சொன்னால் பாதி கத்தல், பாதி இருமல். அதனால் நான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் பாதி அவர் சொல்வது. மீதி, முப்பது வருஷம் அவருக்கு ஏணி பிடித்ததில் நானே பார்த்தது. மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது, நீதான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

கோடையில் ஏசி வீட்டுக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. ரிமோட்டில் சூரியன் படத்தை அழுத்தினால் அதே மெஷின் தலைகீழாக ஓடி, வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் உறிஞ்சி உள்ளே கொண்டுவருகிறது. அப்போது வெளிப் பெட்டியின் தகடுகள் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் உன் லெனேசியா கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே. ஜூலைக் குளிர்கால விடியற்காலையில் புல்லே வெள்ளையாக உறையும்போது தகடு உறையாதா? பனி படிந்தால் காற்று புகாது. அதனால் மெஷினே ஐந்து பத்து நிமிஷம் உள்ளே காற்றை நிறுத்திவிட்டு, சூட்டை வெளிப்பக்கம் திருப்பி அந்தப் பனியை உருக்கிக்கொள்கிறது. நீ பார்த்த ஆவி அதுதான். திடீரென்று நின்றுவிடுகிறது, அப்புறம் தானாகவே ஓடுகிறது என்று போன வாரம் சொன்னாயே, அதுவும் இதுதான். அந்த நேரத்தில் அணைக்காதே. கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெண், உனக்கு இது எப்படித் தெரியும்!

ஃபில்டரைக் கழுவினாயா? இந்தக் கேள்விக்கு மட்டும் நீ பதிலே சொல்லவில்லை. உள் பெட்டியின் முன் மூடியைத் தூக்கினால் இரண்டு வலைச் சட்டம் இருக்கும், இழுத்தால் கையோடு வரும். குழாயடியில் பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் காயவை. வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும், அப்புறம் உள்ளே உட்காராது. மாதம் ஒரு தடவை போதும். ஆனால் ஆகஸ்ட் வரட்டும், அப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. இங்கே கரும்புக்குத் தீ வைக்கும் மாதங்களில் கருஞ்சாம்பல் நூல் நூலாக வந்து கொடியில் காயும் துணியில் விழுமே, நினைவிருக்கிறதா? அது கண்ணுக்குத் தெரியும், உதறிவிடலாம். உன் ஊரில் பழைய தங்கச் சுரங்கங்களின் மண்மேடு மஞ்சள் மாவாக நிற்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் அந்த மாவு பறக்காதா? லெனேசியாவில் வீடு பார்க்க வந்த அன்றைக்கு ஜன்னல் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தபோதே நான் அப்பாவிடம் சொன்னேன்.

மார்ச்சில் உள் பெட்டியிலிருந்து சுவரில் தண்ணீர் வடிந்ததற்கு ஒருவர் வந்து பார்த்து, கேஸ் குறைந்துவிட்டது, வருஷா வருஷம் நிரப்ப வேண்டும் என்றாராம். இதைக் கேட்டதும் அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் எழுத முடியாது. அந்தக் கேஸ் காருக்குப் போடும் பெட்ரோல் இல்லை, ஓடினால் தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புகிறவன் உன் காசைக் காற்றில் விடுகிறான். இனி யாராவது கேஸ் என்றால் இரண்டே கேள்வி கேள்: எங்கே கசிகிறது, கேஸ் வேலை செய்ய உங்களிடம் பதிவு அட்டை இருக்கிறதா? புது மெஷின்களில் வருகிற ஆர் 32 கொஞ்சம் தீப்பற்றக்கூடியது, தெரியாதவன் கை வைக்கக் கூடாது.

தண்ணீர் வடிந்ததற்கு வேறு காரணமாகத்தான் இருக்கும். சில்லென்ற தண்ணீர்ச் சொம்பின் வெளியே வியர்க்கிற மாதிரி கோடையில் உள் பெட்டிக்குள்ளும் வியர்க்கும். அந்தத் தண்ணீர் ஒரு தட்டில் விழுந்து, விரல் தடிமன் குழாய் வழியாக வெளியே போக வேண்டும். குழாயில் வழுவழுவென்று பாசி அடைத்தால் தண்ணீர் உன் சுவரில்தான் இறங்கும். ஈரம் உறிஞ்சுகிற வேக்குவம் இருந்தால் குழாயின் வெளி முனையில் ஈரத்துணி சுற்றி வைத்து இழு, கட்டியாக வந்து விழும். நம் வீட்டில் ஒரு தடவை பல்லி வந்தது. தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே இருக்கிறது. பைப்பில் விழுந்தால் மெத்தை நனையும், அவ்வளவுதான். இதை இப்போது விட்டுவிடு, அக்டோபரில் மழை ஆரம்பிப்பதற்கு முன் செய்தால் போதும்.

சரி, சீலிங்குக்கு மேலே கூரைக்குள் இருக்கும் கீசருக்கு வருகிறேன். மற்றதில் காசுதான் போகும், இதில் கூரையே போகும்.

2009 புரட்டாசி உனக்கு நினைவிருக்கும். மூன்றாவது சனிக்கிழமை, படையல் முடிந்து இலை போட்டு உட்கார்ந்தோம். உன் பாயசத்தில் ஒரு சொட்டு விழுந்தது. நீதான் முதலில் மேலே பார்த்தாய். சீலிங் பலகை நனைந்த அப்பளம் மாதிரி நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா எச்சில் கையோடு வாசலுக்கு ஓடி மெயின் குழாயை மூடினார், நான் டிபி போர்டில், அதுதான் வீட்டு மெயின் சுவிட்சுப் பெட்டியில், கீசர் சுவிட்சைத் தள்ளினேன். நாங்கள் திரும்பி வருவதற்குள் மொத்தமும் கீழே வந்துவிட்டது. பலகை, தண்ணீர், எலிப் புழுக்கை, பழைய தேனீக் கூடு, எல்லாம் இலை மேல். அப்பா அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. ஊருக்கெல்லாம் பழுது பார்க்கிறவர் வீடு அல்லவா! வாத்தியார் பிள்ளை மக்கு என்று நான் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

மேலே ஏறிப் பார்த்தால் கீசருக்கு அடியில், ஒழுகும் தண்ணீரைப் பிடிக்கிற தட்டு இருந்தது. தட்டிலிருந்து குழாயும் இருந்தது. ஆனால் அந்தக் குழாய் கூரைக்குள்ளேயே முடிந்துவிட்டது. மாட்டிய பிளம்பர் வெளியே கொண்டுவரவே இல்லை. ஒன்பது வருஷம் யாரும் பார்க்கவில்லை, நாங்களும்தான். டாங்க் ஏன் ஓட்டையானது என்றால், உள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். டாங்க் அரிக்காமல் இருக்க, அது தன்னைக் கொடுத்துக் கரையும். வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி என்று வைத்துக்கொள். பூசணிக்காய் அழுகிவிட்டால் புதிதாகக் கட்டுகிறோம் அல்லவா? இதையும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பிளம்பரைக் கொண்டு பார்க்க வேண்டும். நம்முடையதில் கம்பியே மிச்சமில்லை, வெறும் நூல்.

வெளியே குழாய் சொட்டுகிறது, கீசர் வெடிக்கப் போகிறதா என்று கேட்டாய். எந்தக் குழாய் என்று சொல்லவில்லையே. சுவருக்கு வெளியே பொதுவாக இரண்டு முனை தெரியும். செம்பாக இருப்பது பாதுகாப்பு வால்வின் குழாய். பிளாஸ்டிக்காகப் பருமனாக இருப்பது தட்டின் குழாய். தண்ணீர் சூடானால் விரியும். 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோனால் இரண்டு லிட்டருக்கு மேல் கூடுதலாகும், அந்தக் கூடுதல் எங்கேயாவது போயாக வேண்டும். கீசர் சூடாகும்போது மட்டும் வால்வுக் குழாய் சொட்டினால் பயப்படாதே. நாள் முழுக்க ஓடினாலோ, கொதிக்கக் கொதிக்க வந்தாலோ, ஆவி வந்தாலோ, டிபி போர்டில் கீசரை அணைத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடு. பிளாஸ்டிக் குழாயில் ஒரு சொட்டு வந்தாலும் கூப்பிடு, மேலே ஏதோ ஒழுகுகிறது. ஒழுகுகிறதே என்று யாராவது செம்புக் குழாயின் வாயை அடைக்கச் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடு. அதை அடைத்தால் கூரையில் குண்டு வைத்த மாதிரி.

பில் ஏறுவதற்கும் கீசர்தான் காரணம். 150 லிட்டரை அந்த 40 டிகிரி ஏற்ற ஏழு யூனிட் மின்சாரம் வேண்டும். உன் ஊரில் இப்போது குழாய்த் தண்ணீரே ஐஸ் மாதிரி வருகிறது, அதனால் ஏழு எட்டாகும், ஒன்பதாகும். பகலெல்லாம் அணைத்து வைத்தால் மிச்சமா என்கிறாய். மிச்சம்தான், ஆனால் கொஞ்சம்தான். டாங்குக்கு ஒரு போர்வை சுற்று, மாப்பிள்ளையைச் சீக்கிரம் குளிக்கச் சொல், அதில்தான் காசு. சூட்டை 60லேயே வை. ரொம்பக் குறைத்து வைத்தால் உள்ளே கிருமி வளரும். பக்கத்து வீட்டுக்காரர் சோலார் கீசர் சொன்னாராமே, போடு. ஆனால் குடிதண்ணீரே கூரைத் தகட்டில் ஓடுகிற ரகம் டர்பனுக்குத்தான் சரி. உன் ஊரில் ஒரு ராத்திரிப் பனியில் உறைந்து வெடித்துவிடும். உறையாத திரவம் தனியாகச் சுற்றுகிற ரகமா என்று கேட்டு வாங்கு.

கேஸ் ஹீட்டர் சம்பந்தி அம்மா கொடுத்தது, வேண்டாம் என்று சொல்ல முடியாது, எனக்குப் புரிகிறது. ஹாலில் விழித்திருக்கும்போது மட்டும் போடு. ஜன்னல் நாலு விரல் திறந்திருக்கட்டும். படுக்கும் அறைக்கு அது வரவே கூடாது, தூங்கப் போகும் முன் சிலிண்டரையும் மூடிவிடு. கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது அதைவிட மோசம். இவை எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷக் காற்றுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் பேப்பரில் படிக்கிறேன். படுக்கையறைக்கு ஆயில் ஹீட்டர் வைத்துக்கொள், அதை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டு, மல்டி பிளக்கில் வேண்டாம். அதன் மேல் துணி காயப்போடாதே. நீ போடுவாய், எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் ஏசியே போதும். கம்பி ஹீட்டர் ஒரு யூனிட் வாங்கி ஒரு யூனிட் சூடுதான் கொடுக்கும், ஏசி ஒரு யூனிட்டுக்குச் சுமார் மூன்று யூனிட் சூட்டை உள்ளே இழுத்து வரும். 20, 21இல் வைத்து, காற்றைக் கீழே பார்த்துத் திருப்பு. சூடு மேலேதானே போகும். 30இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்று மாப்பிள்ளை நினைக்கிறார், ஆகாது.

அப்படியும் வீடு குளிர்கிறது என்றால் சூடு வெளியே போகாமல் சீலிங்கின் மேல் விரிக்கும் கம்பளி இல்லை என்று அர்த்தம். 2011க்குப் பிறகு கட்டும் வீடுகளுக்குத்தான் அதைச் சட்டமாக்கினார்கள். உன் வீடு அதற்கு முப்பது வருஷம் மூத்தது. மாப்பிள்ளையை டார்ச்சோடு மேலே ஏறிப் பார்க்கச் சொல், பலகையில் மிதிக்காமல் கட்டையில் கால் வைக்கச் சொல். வெறும் பலகைதான் தெரிந்தால், அடுத்த போனஸ் புது சோபாவுக்கு இல்லை.

கரண்ட் போய் வந்ததும் உடனே ஏசியைப் போடாதே, ஐந்து நிமிஷம் பொறு. கோடையில் இடி மின்னல் என்றால் சுவர் சுவிட்சிலேயே அணைத்துவிடு. ஏசிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு ஒன்று போனால் பாதி மெஷின் விலை.

ஆடிக் கூழுக்கு வருகிறாயா என்று சொல்லு, கேழ்வரகு வாங்க வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறார்: தட்டின் பிளாஸ்டிக் குழாய் சுவருக்கு வெளியே வருகிறதா இல்லையா? இருட்டுவதற்குள் போய்ப் பார்த்து ஒரு போட்டோ அனுப்பு. அதைப் பார்க்காமல் அவர் படுக்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா