அந்த ஏர் பெட் போய்வந்த வீடுகளுக்கும் கைகளுக்கும்

கோவில்பட்டி

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

போன வாரம் சைக்கிள் கடை அண்ணாச்சி கையை விரித்துவிட்டார். "இனி நிக்காதும்மா, ஒட்டு மேல ஒட்டா இருக்கு" என்றார். 2018இல் அம்மாவுக்காக வாங்கிய ஏர் பெட்டைத்தான் சொன்னார். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமலிருக்க, மோட்டார் வைத்துக் காற்று ஏறி இறங்கும் படுக்கை. படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்கு இந்த மாதிரிப் பொருள்களைக் கொடுத்து வாங்கும் நம் குழுவின் முதல் பொருள் அது. அதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான், உங்களில் ஒருவருக்குக்கூட நான் முறையாக நன்றி சொன்னதில்லை என்பது உறைத்தது. பெயர் போடக் கூடாது என்று எல்லாருமே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள். சரி, பெயர் இல்லாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் நர்ஸ் அக்கா. பக்கவாதத்தில் விழுந்த அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பத்தே நாளில் இடுப்பில் புண். பணி ஓய்வு பெற்று அடுத்த தெருவில் இருந்த நீங்கள், கூப்பிடாமலே வந்தீர்கள். அம்மாவின் குதிகாலுக்குக் கீழே உங்கள் உள்ளங்கையை வைத்து, "இந்த இடம் சூடா இருக்கா, தொட்டுப் பாரு" என்றீர்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தொங்கவிடச் சொன்னீர்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு மறைந்து திரும்ப வர வேண்டும், மறையாமல் அப்படியே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், நம்மைப் போலக் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அதனால் சூட்டையும் கெட்டித்தன்மையையும் கையால் பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஒரே மாலையில் கற்றுக் கொடுத்தீர்கள். அதற்கப்புறம் அம்மா ஏழு மாதம் இருந்தாள். புண் ஆறித்தான் போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அந்தப் படுக்கையைத் தூக்கிப் போடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். இறந்தவர் படுத்ததை வீட்டில் வைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கவும் தயக்கம், வாங்கவும் பயம். எத்தனையோ வீடுகளில் நல்ல வீல்சேரும் வாக்கரும் பரணில் துருப்பிடிப்பது இதனால்தான். டெட்டால் போட்டுக் கழுவி, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்து, இடுப்பு எலும்பு முறிந்து பாயில் கிடந்த ஒரு ஆச்சி வீட்டுக்கு நானும் நர்ஸ் அக்காவும் எடுத்துப் போனோம். சாவு வீட்டிலிருந்து வருகிறது என்பதை மறைக்க எனக்கு மனசில்லை, சொல்லிவிட்டேன். வாசலில் நின்றிருந்த மகன் முகம் மாறியது. உள்ளேயிருந்து ஆச்சி குரல் கொடுத்தாள்: "உங்கம்மாவத் தாங்குச்சுல்ல தாயி, என்னையும் தாங்கும். கொண்டா."

ஆச்சி இப்போது இல்லை. அவள் வீட்டாருக்கு இந்த மடலில் தனியாக ஒரு நன்றி. அன்றைக்கு அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் அதோடு விட்டிருப்பேன். இந்தக் குழுவைத் தொடங்கியது யார் என்று கேட்கிறவர்களிடம் நான் அந்த ஆச்சியைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் மலப்புறம் நண்பர்களே. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு நின்றவர்களும் வலி தணிப்புக்காகத் தொடங்கிய வேலையை, அக்கம்பக்கத்து ஆட்களே தூக்கிச் சுமக்கும்படி ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் நீங்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. நம் ஊரில் புற்றுநோய் முற்றியவர்களை "இனி ஒண்ணும் செய்யுறதுக்கில்ல" என்று அனுப்பிவிடுகிறார்கள். செய்வதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதை உங்கள் பின்னால் வீடு வீடாக வந்து பார்த்தேன். எந்தப் பொருள் எந்த வீட்டுக்குப் போனது என்று எழுதி வைக்கும் என் நோட்டைக் காட்டியபோது உங்களில் ஒருவர் சொன்னது இன்னும் கூடவே இருக்கிறது. பொருளைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், மூன்றாம் நாள் போய்ப் பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது: மோட்டாரின் திருகை முழுக்கத் திருப்பிப் படுக்கையைப் பலகை மாதிரி ஆக்கி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் சத்தத்துக்குப் பயந்து ராத்திரி அணைத்திருப்பார்கள். வலி மருந்து தீர்ந்து நான்கு நாள் ஆகியிருக்கும், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருப்பார்கள்.

ஆட்டோ அண்ணன், ஏற்றிப் போன எதற்கும் நீங்கள் மீட்டர் பார்த்ததில்லை. கமோடு சேரைப் பின்னால் கட்டிக்கொண்டு மழையில் எட்டயபுரம் வரை போய்வந்தீர்கள். டீக்கடை அண்ணாச்சி, பொருள்கள் இருக்கும் இடத்தின் சாவியை உங்களிடம் விட்டுப் போனால் போதும், ராத்திரி பதினொரு மணிக்கும் யாருக்காவது வாக்கர் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காலையில் சொல்வீர்கள். சைக்கிள் கடை அண்ணாச்சி ஒட்டுப் போட்டதற்கு ஒரு தடவைகூடக் காசு வாங்கவில்லை.

ஆடிட்டர் சார் செய்தது வெளியே தெரியாத வேலை. நான்கு வருடம் நோட்டும் நம்பிக்கையுமாக ஓடியதை 2022இல் அறக்கட்டளையாகப் பதிவு செய்ய வைத்தது நீங்கள். பத்திரம், பான், வங்கிக் கணக்கு, அறக்கட்டளைக்கு வரி விலக்குத் தரும் 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி என்று ஒவ்வொன்றாக என்னை உட்காரவைத்து விளக்கினீர்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட என் சித்தப்பா மகன் அறக்கட்டளைக் கணக்குக்கு நல்ல தொகை போடுகிறேன் என்றபோது, வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தொடக் கூடாது என்று தடுத்தீர்கள். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல மனசோடு ஆரம்பித்துக் கணக்குத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு என்பது பின்னால்தான் புரிந்தது. அந்தக் கோபத்துக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், சார்.

தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பெரிய இடத்திலிருந்து ஐந்து வீல்சேர் தருவதாக வந்தார்கள். வாங்குகிறவர் முகம் தெரிய, பேனர் பிடித்துப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். மூத்திரப் பையோடு உட்கார்ந்திருக்கிறவரை அப்படி நிறுத்த என்னால் முடியாது, வேண்டாம் என்றுவிட்டேன். அது எப்படியோ உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. சம்பள நாளன்று தலைக்குப் பத்து ரூபாய் என்று சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சில்லறையும் நோட்டுமாகக் கொண்டுவந்து வைத்தீர்கள். தீக்குச்சி மருந்து வாசனை அடித்த அந்த ரூபாய் நோட்டுகளை நானும் நர்ஸ் அக்காவும் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அடுத்த மாதமும் வந்தது. இன்றுவரை நிற்கவில்லை.

அந்தப் பணத்தில்தான் இப்போது ஏர் பெட்டுக்குப் புது விரிப்பு வாங்கியிருக்கிறோம். மோட்டார் மட்டும் அம்மா காலத்து மோட்டாரே. போட்டுப் பார்த்தேன், அதே முனகலோடு ஓடுகிறது, ஒரு வரிசை ஏற அடுத்தது இறங்குகிறது. பழையது 14 வீடு போய்வந்திருக்கிறது என்று நோட்டில் எண்ணிப் பார்த்தேன். பதினைந்தாவதாக இளையரசனேந்தல் ரோட்டில் ஒரு வீடு. நாளைக் காலை ஏழு மணிக்கு ஆட்டோ அண்ணன் வருகிறார். வியாழக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும், நர்ஸ் அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியோடு,
நோட்டு எழுதுகிறவள்