பதினான்காம் வாரத்துக்கு முன்னால்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை ஐஐடி-யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024-இல் வெளியிட்ட 'தரணி' என்ற சிசு மூளை வரைபடம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை, கடையில் கூட்டமில்லாத மதியத்தில் இரண்டு முறை படித்தேன். மூளையை மெல்லிசாகச் சீவிய 5,132 சீவல்கள், செல் அளவுக்கு நுணுக்கமான படங்கள்! நம் ஊர்க்காரர்கள் செய்தது என்பதில் பெருமைதான்.

ஒரு குறை. அந்த வரைபடம் தொடங்குவதே கர்ப்பத்தின் 14-ஆம் வாரத்தில். கட்டுரையும் அங்கிருந்தே தொடங்கிவிட்டது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழாயோ, கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. தட்டையான செல் படலத்தின் இரண்டு ஓரமும் எழும்பி நடுவில் ஒட்டிக்கொள்ளும், சோமாசியை மடித்து ஓரத்தை அழுத்துகிறோமே, அது மாதிரி. தலைப்பக்கம் ஒட்டாமல் போனால் மண்டையோடும் மூளையும் முழுதாக உருவாகாது. கீழ்ப்பக்கம் என்றால் முதுகுத்தண்டில் பிளவு. செல்கள் மளமளவென்று பெருகும் நேரம் அது. ஒவ்வொரு செல்லும் புது டிஎன்ஏ எழுத ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். அதன் மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் ஆசிட். இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்கு அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி அந்தக் குறை வருவது 72 விழுக்காடு குறைந்தது என்று 1991-லேயே பிரிட்டிஷ் ஆய்வு சொல்லிவிட்டது.

28-ஆம் நாள் என்றால் நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான். பலர் டாக்டரைப் பார்ப்பதே அதற்கு அப்புறம்தான்.

போன ஆவணியில் ஒரு மாமியாரும் புது மருமகளும் கடைக்கு வந்தார்கள். சீட்டில் நான்கு மருந்து. மாமியார் விவரம் கேட்டுவிட்டு, "இன்னும் விசேஷமே இல்ல, அதுக்குள்ள இது எதுக்கு?" என்று ஃபோலிக் ஆசிட் அட்டையை மட்டும் கண்ணாடி மேல் திருப்பி வைத்துவிட்டார். விசேஷம் வருவதற்கு முன்னால்தான் அம்மா இது என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஒரு மாத்திரை ஒரு டீ விலைகூட வராது. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை.

வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடும் பெண்களுக்கும் இதே கதைதான். அந்த மருந்தே இந்தக் குறை வரும் வாய்ப்பைக் கூட்டும். பயந்து தானாக நிறுத்தினாலும் ஆபத்து. கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை மூளை ஆராய்ச்சி பற்றி எழுதும்போது, பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போட்டு இந்த 28 நாளைப் பற்றியும் எழுதுங்கள். வெட்டி எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

ஒரு மருந்தாளுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.