ஃபுல் ஃபிரேம் கேமராவின் இரண்டாம் பதிப்பு: ஐ.எஸ்.ஓ. 100 படத்தரம் குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
கேமரா விற்பனை மற்றும் சேவை.

பொருள்: ஆரம்பநிலை ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமரா, இரண்டாம் பதிப்பு – ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன் அளவு) 100இல் இருண்ட பகுதிகளில் நாய்ஸும் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) வரிகளும் – விளம்பரத் தாளில் விடுபட்ட விவரங்கள் – கேமராவைத் திரும்பப் பெறக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

இந்தக் கேமராவின் முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் எங்கள் ஸ்டுடியோவில் உள்ளன. இரண்டாவதைச் சேவை மையத்துக்கு அனுப்பினோம். "சென்சார் சுத்தம் செய்யப்பட்டது, கேமரா வரையறைக்குள் உள்ளது" என்ற சீட்டோடு திரும்பி வந்தது. தூசியைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எனவே உங்கள் பொறியாளர்களே செய்து பார்க்கும்படி குறையை விவரமாகத் தருகிறோம்.

இரண்டு கேமராக்களையும் ஒரே டிரைபாடில் மாற்றி மாற்றி வைத்து, ஒரே லென்ஸைப் பொருத்துங்கள். மேனுவல் மோட், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, ரா (கேமரா பதப்படுத்தாத மூலப் படக் கோப்பு). லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் லென்ஸ் ஓரத் திருத்தத்தையும் அணைத்துவிடுங்கள். ஹைலைட் டோன் பிரையாரிட்டியை (வெளிச்சப் பகுதி வெளுக்காமல் காக்கும் அமைப்பு) மறக்காமல் அணைக்க வேண்டும். அது இயங்கினால் ஐ.எஸ்.ஓ. 200க்குக் கீழே இறங்காது, சோதனையே பாழ். மாறாத பகல் வெளிச்சம் வேண்டும். டியூப் லைட்டோ மலிவான எல்.இ.டி.யோ இருந்தால் வேகமான ஷட்டரில் அதன் மினுக்கல் கணக்கைக் கெடுக்கும். 1/8 நொடியில் எக்ஸ்போஷர் சரியாக அமையும் காட்சியைத் தேர்ந்து, அதையே 1/15, 1/30, 1/60, 1/125, 1/250 என்று 5 ஸ்டாப் வரை (ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒளி பாதியாகும்) குறைத்து எடுங்கள். பிறகு ரா மென்பொருளில் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் பூஜ்யத்தில் வைத்து, குறைத்த அளவுக்கு வெளிச்சத்தை ஏற்றுங்கள். புதியதின் 26 மெகாபிக்சல் படத்தைப் பழையதின் 20 மெகாபிக்சலுக்குச் சுருக்கிவிட்டு ஒப்பிடுவதுதான் நியாயம். 100 சதவீதத்தில் பார்த்தால் புதியதற்குப் பாதகம்.

2 ஸ்டாப் வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 3இல் கறுப்புத் துணியின் மடிப்புகளில் நாய்ஸ் தலைகாட்டும். 4, 5 ஸ்டாப்பில் மடிப்பு கரைந்து ஊதா நிறம் ஏறும்; அதன்மேல் குறுக்கே வரிகள் ஓடும். இதில் புதிய கேமரா பழையதைவிட எள்ளளவும் மேலில்லை. அடர் நிழலில் ஒரு படி கீழே என்றே சொல்லலாம். பல ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த சென்சார் இது.

காரணத்தை அறிய இன்னொரு படம் போதும். அதே 1/125இல், ஐ.எஸ்.ஓ.வை மட்டும் 1600 ஆக்கி எடுங்கள். சென்சாரில் விழுந்த ஒளி அதே அளவுதான். ஆனால் ஐ.எஸ்.ஓ. 100இல் எடுத்து 4 ஸ்டாப் ஏற்றிய படத்தைவிட இது எவ்வளவோ சுத்தமாக இருக்கும். அப்படியானால் இந்தக் கூடுதல் நாய்ஸ் ஒளியிலிருந்து வரவில்லை. சென்சாரை விட்டு அனலாக் சிக்னல் வெளியேறி, அதை டிஜிட்டலாக மாற்றும் தனி ஏ.டி.சி. சிப்புக்குப் போகும் பாதையில் சேர்கிறது. ஐ.எஸ்.ஓ. கூடும்போது சிக்னல் முன்னதாகவே பெருக்கப்படுவதால் அந்த நாய்ஸ் அமுங்கிப்போகிறது. 100இல் அப்படியே நிற்கிறது. ஏ.டி.சி.யைச் சென்சார் சிப்பிலேயே வைத்தால் இது பெருமளவு தீரும். உங்கள் சிறிய சென்சார் கேமரா ஒன்றில் இதை ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள். விலை குறைந்ததில் இருப்பது இந்த ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஏன் இல்லை? விளம்பரத் தாளில் உள்ள மாதிரிப் படங்களெல்லாம் உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுத்தவையாக இருப்பது தற்செயல் என்று நம்ப முடியவில்லை.

"பல எக்ஸ்போஷர் எடுத்து இணைத்துக்கொள்ளலாமே" என்பீர்கள். அசையாத கட்டடத்துக்குச் சரி. ஜன்னலுக்கு எதிரே திரும்பி நிற்பவரின் கறுப்புக் கோட்டில் நூல் தெரிய வேண்டும், வெளியே வானமும் வெளுக்கக் கூடாது என்றால் கிடைப்பது ஒரே ஃபிரேம்தான்.

நல்லதையும் சொல்லிவிடுகிறோம். திருப்பிப் பார்க்கும் டச் ஸ்கிரீன் அருமை. லைவ் வியூ ஃபோகஸ் பழையதோடு ஒப்பிடவே முடியாத வேகம். தொடர் படப்பிடிப்பு வேகம் நொடிக்கு 4.5 ஃபிரேமிலிருந்து 6.5 ஃபிரேம் ஆனதும் உண்மை. ஆனால் ரா எடுத்தால் சுமார் 3 நொடியில் பஃபர் (படங்கள் கார்டில் எழுதப்படும்வரை தங்கும் நினைவகம்) நிரம்பிவிடுகிறது.

வியூஃபைண்டரில் ஃபோகஸ் பாயிண்ட் 11லிருந்து 45 ஆகி, எல்லாமே கிராஸ் டைப் (நெடுக்கு, குறுக்கு இரண்டு கோடுகளையும் உணர்வது) ஆனது பெரிய முன்னேற்றம். ஆனால் 45உம் நடுவிலேயே குவிந்திருக்கின்றன. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், முழு உருவப் படத்தில் முகம் பாயிண்டுகளுக்கு மேலே போய்விடுகிறது. ஃபோகஸ் பிடித்துவிட்டுத் திருப்ப வேண்டிய பழைய வேலை அப்படியே நீடிக்கிறது. 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.4, 1.5 மீட்டர் தூரம் என்றால் கூர்மையான ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்தே சுமார் 2.5 செ.மீ. 10 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் 2.3 செ.மீ. பின்னே நழுவும், கண் மங்கி, அதற்குப் பின்னால் இருப்பது கூர்மையாக வரும்.

வீடியோவில் நடந்திருப்பது முன்னேற்றமே அல்ல. தாளில் "4கே" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கேமராவில் அது டைம் லாப்ஸுக்கு மட்டும்; சாதாரண வீடியோ 1080உடன் முடிகிறது. பழையதில் இருந்த ஆல்-ஐ (ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்கும்) பதிவையும் எடுத்துவிட்டீர்கள். எடிட்டிங்கில் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்து வெட்டுபவர்களுக்கு அது தேவை. ஒற்றை எஸ்.டி. ஸ்லாட் பற்றி வாங்கும்போதே தெரியும், அதைப் புகாராகச் சொல்லவில்லை.

ஏ.டி.சி. ஃபர்ம்வேரில் (கேமராவின் உள் மென்பொருள்) மாறாது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கேமராவைத் திரும்பப் பெற்று முழுத் தொகையையும் தரும்படி கேட்கிறோம். அதற்கு மறுப்பு என்றால், மேற்சொன்ன சோதனையை உங்கள் மையத்தில் இரண்டு பதிப்புகளிலும் செய்து, ரா ஃபைல்களோடு எழுத்துபூர்வமான பதில் தாருங்கள்; "வரையறைக்குள் உள்ளது" என்றால் அந்த வரையறை எது என்றும் எழுதுங்கள். ஆல்-ஐ பதிவை ஃபர்ம்வேரில் திரும்பத் தருவது பற்றியும், தாளில் 4கே பக்கத்தில் "டைம் லாப்ஸ் மட்டும்" என்று அதே அளவு எழுத்தில் அச்சிடுவது பற்றியும் உங்கள் முடிவைத் தெரிவிக்கவும்.

கேமராவை மீண்டும் அனுப்பத் தயார். சென்சாரைத் துடைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
இரண்டு பதிப்புகளையும் வாங்கிய வாடிக்கையாளர்

இணைப்பு: இரு கேமராக்களின் ரா ஃபைல்கள் (1/8 முதல் 1/250 வரை, ஐ.எஸ்.ஓ. 1600), விளம்பரத் தாளின் நகல், சேவை மையச் சீட்டு, வாங்கிய ரசீது.