நீ அனுப்பி அழித்த மூன்று வரிகளுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய மூன்று வரிகளை, நீ அழிப்பதற்கு முன்பே படித்துவிட்டேன். படிக்காததுபோல் இருந்துவிடலாமா என்று சற்று யோசித்தேன். ஆனால், என் 46ஆம் வயதில் விறைப்பு வராத இதே சிக்கலை எவரிடமும் சொல்லாமல் ஓராண்டு முழுக்கப் புழுங்கியவன் நான் என்பதால், உன்னை அப்படி விட மனம் வரவில்லை.

'ஆண்மைக் குறைவு' என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லை விட்டுவிடு. உடலின் ஒரு செயல்பாடு தடுமாறுவதை மனிதனுடைய தகுதிக் குறைவாக்கிவிடும் சொல் அது. விறைப்புக் குறைபாடு என்றால் போதும். உடலுறவில் நாட்டம் குறைவதும் விந்து விரைந்து வெளியேறுவதும் வேறு சிக்கல்கள், அவற்றுக்கான சிகிச்சையும் வேறு.

விறைப்பு என்பது பெரும்பாலும் இரத்த ஓட்டத்தின் வேலை. கிளர்ச்சி ஏற்படும்போது நரம்பு முனைகளும் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அதனால் அங்குள்ள தசைகள் தளர்ந்து, பஞ்சு போன்ற திசுவுக்குள் இரத்தம் நிறைகிறது. நிறைந்த திசு, இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் சிரைகளை அழுத்தி மூடிவிடுகிறது. நீரிழிவு இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் ஒருசேரக் கெடுக்கிறது. உயர் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் மிகுந்த கொழுப்பும் அந்த உட்சுவரைத்தான் பாழாக்குகின்றன. ஆண்குறிக்குச் செல்லும் தமனிகளின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத் தமனிகளோ 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். உடல் முழுவதும் ஒரே நோய் பரவினாலும் சிறிய குழாயில் அது முதலில் தெரிந்துவிடுவதால், மாரடைப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பலருக்கு இந்தக் குறைபாடு தோன்றிவிடுகிறது. இதை மறைத்து வைக்கக் கூடாது என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

மருத்துவர் என்னிடம் முதலில் கேட்டது, காலையில் கண்விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா என்றுதான். உறக்கத்தில் தானாக வரும் விறைப்பு நன்றாக இருந்து, சிக்கல் திடீரென்று, அதுவும் சில வேளைகளில் மட்டும் வந்தால் மனம் காரணமாக இருக்கக்கூடும். எல்லாம் சிறுகச் சிறுகக் குறைந்திருந்தால் உடலில் தேட வேண்டும். அந்தக் காலை விறைப்பு எப்போது நின்றுபோனது என்பதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. பரிசோதனைச் சீட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 178 என்று, நீரிழிவைக் காட்டும் அளவில் இருந்தது. அந்த எண்ணைப் பேனாவால் இரண்டு முறை சுழித்து, சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். மனமா உடலா என்று அடித்துப் பிரிப்பதும் எப்போதும் முடியாது: ஒருமுறை தவறினால் அடுத்த முறை அச்சம் வருகிறது, அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் குழாய்களைச் சுருக்குகிறது.

உன் மூன்றாவது வரியில், இளவயதுச் சுயஇன்பப் பழக்கம்தான் காரணம் என்று உன்னை நீயே குற்றம் சாட்டியிருந்தாய். அதனால் நரம்புகள் தளர்ந்துவிடுவதில்லை. அதைவிட, மனச்சோர்வுக்காக நீ இப்போது உட்கொள்ளும் மாத்திரையைப் பற்றிக் கேட்பதே பயன் தரும். அந்த வகை மருந்துகள் பல நாட்டத்தையும் விறைப்பையும் பாதிக்கக்கூடியவை. ஆனால் நீயாக அதை நிறுத்திவிடாதே. மருந்தை மாற்றவும் அளவைக் குறைக்கவும் மருத்துவருக்கு வழிகள் உண்டு.

கடையில் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் செய்தேன். 1998இல் வயாகரா என்ற பெயரில் விற்பனைக்கு வந்த சில்டெனாஃபில், முதலில் இதய வலிக்காக ஆராயப்பட்ட மருந்து. அது இரத்த ஓட்டத்துக்குத் துணை செய்யுமே தவிர, நாட்டத்தை உண்டாக்காது. நெஞ்சுவலிக்குத் தரப்படும் நைட்ரேட் மருந்துகளோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும். மூலிகை என்று விற்கப்படும் சில பொடிகளில் சில்டெனாஃபிலையே சொல்லாமல் கலந்திருப்பதும் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.

சர்க்கரை, கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஆகிய மூன்றையும் காலையில் வெறும் வயிற்றில் பார்க்கச் சொல்வார்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், குறைவாக வந்தால் வேறொரு நாளும் பார்ப்பார்கள். மருத்துவரிடம் போகும்போது உன் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள். உள்ளே தனியாகப் பேசு. வெளியே நாற்காலியில் ஒருவர் காத்திருந்தால் நல்லது என்று தோன்றினால், எந்த நாள் என்று மட்டும் சொல், நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்