விருந்தாளி வாற நாளில உதவாத சமையல் பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயிறு பேப்பர் வந்தா நான் முதல்ல திருப்பிறது சமையல் பக்கம் தான், அரசியல் எல்லாம் இவர் வாசிச்சு முடிச்சு, அதைப் பற்றி எனக்கு ஒரு பிரசங்கமும் வச்சு முடிச்ச பிறகு நேரம் இருந்தாப் பாக்கிறது. கனகாலமா வாசிக்கிறன், வெட்டியும் வச்சிருக்கிறன், குசினி லாச்சிக்குள்ள ஒரு கட்டு கிடக்கு. அந்த உரிமையில தான் எழுதுறன். உங்கட சமையல் பக்கம் பாக்க வடிவு, ஆனா கொழும்பில ஒரு ஃப்ளாட்டுக்குள்ள நாலு விதமான ஆக்களை ஒரே மேசையில இருத்திச் சாப்பாடு குடுக்கிற எங்களை மாதிரி ஆக்களுக்கு அது பெரிசா உதவுறேல்லை.

பனீர் பட்டர் மசாலா, ரோகன் ஜோஷ், அடுத்த கிழமை திரும்பவும் பனீர். எங்கயோ இருந்து அப்பிடியே எடுத்துப் போட்டிருக்கு எண்டு வாசிக்கவே விளங்குது. காஷ்மீரி மிளகாய்த்தூள் 3 மேசைக்கரண்டி எண்டு கிடக்கும். அது நிறத்துக்குப் போடுற தூள், உறைப்புக் குறைவு. அதை நம்பி ஒரு புதுப்பெண் எங்கட யாழ்ப்பாணத் தூளில 3 கரண்டியை அள்ளிப் போட்டா வந்த மனுசர் தண்ணிச் செம்போட தான் வீட்ட போகோணும். எங்கட தூள் எண்டுறது செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்துத் திரிச்சது, அதை இன்னொரு நாட்டுத் தனி மிளகாய்த்தூளுக்குப் பதிலா அளவு மாத்தாமப் போடேலாது. இதை ஒரு வரியில சொன்னா என்ன?

பிறகு இந்தக் கப் பிரச்சினை. ஒரு கப் எண்டா எந்தக் கப்? ரைஸ் குக்கரோட வாற கப் 180 மில்லி, கடையில அளவுக்கப் எண்டு விக்கிறது 240 இல்லாட்டி 250, எங்கட வீடுகளில இன்னும் அரிசி போடுறது சுண்டு எண்டுற பழைய அளவுப் பேணியால. வட்டிலப்பம் எண்டுற கருப்பட்டிப் புடிங்குக்கு ஒரு கப் தேங்காய்ப்பால் எண்டு எழுதினா 180-க்கும் 250-க்கும் நடுவில கிடக்கிற 70 மில்லியில தான் அது வெட்டிற பதத்தில வருமா, இல்லை கரண்டியால கோலிக் குடிக்க வேணுமா எண்டது இருக்கு. மெல்பேர்னில இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில அனுப்பிற குறிப்பு இன்னும் மோசம், அங்க மேசைக்கரண்டி 20 மில்லி, எங்கட 15. வெங்காயம் 2 எண்டு போடுறியள், சின்ன வெங்காயமா பம்பாய் வெங்காயமா? கிராமில போடுங்கோ. இப்ப எத்தினையோ வீட்டில சின்னத் தராசு இருக்கு.

ஆனா அளவு கூட ரெண்டாவது விசயம் தான். பெரிய விசயம் ஆர் சாப்பிட வருகினம் எண்டது.

எங்கட வீட்ட வாறாக்களைச் சொல்லுறன், உங்கட வாசகர் கனபேர் வீட்டிலயும் இது தான் நிலைமையா இருக்கும். மாமி வெள்ளிக்கிழமை சைவம், கந்தசஷ்டி வந்தா கேக்கவே வேண்டாம். கீழ் மாடி ராத்தா குடும்பம் ஹலால். இவற்ற ஒபிஸில இருந்து வாற சிங்கள ஆக்களில அரைவாசிப் பேர் மாட்டிறைச்சி தொடாயினம். கொட்டாஞ்சேனையில இருந்து வாற என்ர பழைய சினேகிதி வேதக்காரி, தபசு காலம் வந்தா அவளும் இறைச்சிக்கு நோ. இதுக்கு மேல போயா எண்டுற பௌர்ணமி நாள் எண்டா இறைச்சிக்கடை பூட்டு, ஆக்களைக் கூப்பிட முதல் கலண்டரைப் பாக்காட்டி முதல் நாள் பின்னேரம் புறக்கோட்டைக்கு ஓட வேண்டி வரும். இதில ஒருத்தருக்கும் தனித் தட்டு வைக்காம, ஒருத்தரையும் கூச்சப்பட வைக்காம ஒரு மேசை போடுறது தான் கொழும்புச் சமையல் எண்டு நான் நினைக்கிறன், அதைப் பற்றி உங்கட பக்கத்தில ஒரு வரி கூட வந்ததா எனக்கு ஞாபகம் இல்லை.

உதாரணத்துக்கு மாசிக் கருவாடு. சைவக்காரருக்கு எண்டு இறைச்சி மீன் இல்லாம எல்லாம் செய்து வைப்பம், பக்கத்தில கடையில வாங்கின சீனிச் சம்பல் இருக்கும், அதுக்குள்ள மாசி. கத்தரிக்காயைப் பொரிச்சு வினாகிரியில போடுற மோஜுவிலயும் சில வீடுகளில மாசியோ காய்ஞ்ச இறால் தூளோ போடுவினம். தேங்காய்ச் சம்பலும் அப்பிடித்தான். இது தெரியாம எத்தினை சைவக்காரர் மீன் சாப்பிட்டிருப்பினமோ, அந்தக் கணக்கு முருகனுக்குத் தான் தெரியும். மற்றது புடிங். ஜெலட்டின் போட்டா ராத்தாவும் சாப்பிட மாட்டா, மாமியும் சாப்பிட மாட்டா, ஏனெண்டா அது மிருகத்தின்ர தோலிலயும் எலும்பிலயும் இருந்து எடுக்கிறது. கடற்பாசி காய்ச்சினா ரெண்டு பேரும் சாப்பிடலாம், அது கடல்ல வளருற பாசியில இருந்து வாறது, ஃப்ரிட்ஜுக்கு வெளியாலயும் கொஞ்ச நேரம் உருகாம நிக்கும், எங்கட வெக்கைக்கு அது எவ்வளவு பெரிய உதவி. இப்பிடி ஒரு துண்டுத் தகவல் ஒரு முழுப்பக்கப் பனீர் படத்தை விடப் பெறுமதி.

இப்ப லம்ப்ரைஸ் கதைக்கு வாறன், அது தான் என்னைக் குசினியில உண்மையா ஆட்டிப் படைச்சது. டச்சுக்காரர் வழி வந்த பறங்கி ஆக்களின்ர சாப்பாடு, பம்பலப்பிட்டிப் பக்கம் ரீட் அவென்யூவில 1908-ல தொடங்கின அவையின்ர சங்கம் டச்சு பேர்கர் யூனியன் இருக்கு, அங்க வாங்கிச் சாப்பிட்ட பிறகு வீட்டில செய்து பாக்கோணும் எண்டு எனக்கு ஒரு வெறி. நெய்யில வறுத்து இறைச்சி அவிச்ச தண்ணியில வேக வச்ச சம்பாச் சோறு, இறைச்சிக்கறி, ஃபிரிக்கடெல் எண்டுற இறைச்சி உருண்டை, வாழைக்காய்க் கறி இல்லாட்டி கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல், காய்ஞ்ச இறாலில அரைக்கிற பிளச்சான், எல்லாத்தையும் வாழையிலையில கட்டி ஓவனில வைக்கிறது. பழைய முறையில கறிக்கு மாடு, பண்டி, ஆடு, கோழி எல்லாம் கலந்து போடுவினம். என்ர மேசையில அது எப்பிடிச் சரிவரும்? அதனால கோழி மட்டும், ஹலால் கடையில வாங்கினது, உருண்டையும் கோழியில தான். இது அசல் இல்லை எண்டு பறங்கி ஆக்கள் சண்டைக்கு வரலாம், அவைக்கு நான் மறுத்துச் சொல்ல மாட்டன், ஆனா அண்டைக்கு எல்லாரும் ஒரே மாதிரிப் பார்சலைப் பிரிச்சுச் சாப்பிட்டவை. சைவக்காரருக்கு மரக்கறி அவிச்ச தண்ணியில வேற சோறு, கஜுக் கறி, வாழைக்காய், மாசி போடாத சம்பல், பார்சலுக்கு மேல சிவப்பு நூல் கட்டி வச்சன், மாறிப் போகக்கூடாது எண்டு.

நான் வெட்டி வச்சிருந்த குறிப்பில, அது உங்கட பேப்பரா வேற பேப்பரா எண்டு இப்ப தெரியேல்லை, இலையை நெருப்பில வாட்டச் சொல்லவே இல்லை. வாட்டாத இலை மடிக்கேக்க நரம்போட சேர்ந்து கிழியும், கிழிஞ்ச இடத்தால சாறு ஒழுகி ஓவன் தட்டில கருகும், குசினி முழுக்கப் புகை. காஸ் நெருப்புக்கு மேல மெதுவா இழுத்தா இலை கடும் பச்சையா மாறி மினுங்கும், அது தான் பதம். கறி எல்லாம் நல்லா வத்தியிருக்கோணும், குழம்பு கூடாது. ஓவன் இல்லாதாக்கள் ஆவியில அவிக்கலாமோ எண்டு கேப்பினம், அவிக்கலாம், ஆனா இலை கருகிற அந்த வாசம் வராது, அது இல்லாட்டி அது சும்மா சோத்துப் பார்சல்.

எதை எப்ப செய்யிறது எண்டதையும் ஒருத்தரும் எழுதுறேல்லை. தேங்காய்ப்பால் விட்ட கறி இந்த வெக்கையில காலமை வச்சா இரவைக்குப் பழுதாப் போயிடும். ஆனா மாத்தறையில இருந்து வந்து எங்கட ஃப்ளாட்டில இருக்கிற ஒரு ஆன்ட்டி எனக்கு அம்புல் தியல் எண்டுற புளி மீன்கறி பழக்கினவ, சூரை இல்லாட்டி கெலவல்லா மீனைச் சதுரமா வெட்டி, கொறக்காப் புளியை ஊற வச்சு அரைச்சு, மிளகு உப்பு சேர்த்துப் பிரட்டி, சட்டிக்கு அடியில வாழையிலை போட்டு, மெல்லிய நெருப்பில தண்ணி முழுக்க வத்த விடுறது. பாலும் இல்லை தக்காளியும் இல்லை. கொறக்காப் புளியும் அந்த வரட்சியும் சேர்ந்து தான் அது ஃப்ரிட்ஜ் இல்லாமலே நாள் கணக்கா நிக்கிறது. மோஜுவும் வினாகிரியால நிக்கும், அச்சாறும் அப்பிடித்தான். அப்ப விருந்துக்கு முதல் நாளே புளிச்சாமான் எல்லாத்தையும் முடிச்சு வச்சிட்டு, அண்டைக்குப் பால்கறி ரெண்டு மட்டும் வச்சா, ஆக்கள் வரேக்க நாங்களும் குளிச்சு உடுத்து மனுசரா நிக்கலாம். இல்லாட்டி வேர்த்து விறுவிறுத்துக் கதவைத் திறக்க வேண்டியது தான்.

வட்டிலப்பம் ராத்தாவிட்டப் பழகினது. பெருநாளுக்கு அவ மேல அனுப்பிற தட்டை நான் வெறும் தட்டாத் திருப்பிக் குடுக்கிறேல்லை, பொங்கலுக்கு எங்கட தட்டுக் கீழ போகும், அப்பிடித்தான் கதை தொடங்கினது. கித்துள் கருப்பட்டி நல்லதா இருக்கோணும், சீனி கலந்த கருப்பட்டி எண்டா நிறமும் வராது வாசமும் வராது. முட்டையை நுரைக்க அடிக்காம மெல்லமாக் கலந்து, வடிச்சு, ஏலக்காயும் சாதிக்காயும் போட்டு, ஏனத்துக்கு மேல கடதாசியோ ஃபொயிலோ மூடி அவிக்கோணும், மூடாட்டி ஆவித்தண்ணி சொட்டி மேல் பக்கம் அம்மைத் தழும்பு போட்டுடும். பெரிய நெருப்பில வச்சா உள்ள ஓட்டை விழும். அந்த ஓட்டைக்குள்ள பாணி தேங்கி நிக்கிறது தான் ருசி எண்டு ராத்தா சொல்லுவா, எனக்கு மழமழ எண்டு இருக்கிறது தான் விருப்பம், இதில நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் உடன்படேல்லை.

எங்கட சாமானை மற்றாக்களுக்குக் குடுக்கிறதும் ஒரு கலை. ஒருமுறை மழை நாளில இவற்ற ஒபிஸ் ஆக்களுக்குக் காய்ஞ்ச பனங்கிழங்கு மாவில ஒடியற்கூழ் காய்ச்சினன். நண்டு, இறால், மீன் தலை, மரவள்ளி, பலாக்கொட்டை, பயித்தங்காய், முருங்கை இலை, புளி, அரைச்ச செத்தல். ஒடியல் மாவை முதல்ல தண்ணியில ஊறவிட்டு மேல் தண்ணியை ஊத்தோணும், இல்லாட்டிக் கைப்பு, முதல்தரம் குடிக்கிறவை ரெண்டாம் தரம் கேக்காயினம். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் குடுத்தா, அந்த இலையில குடிக்கிறதே அவைக்குப் பாதி விருந்து. உறைப்பு மட்டும் எங்கட வழமைக்குக் கொஞ்சம் கீழ, மிச்ச மிளகாயை அரைச்சுத் தனியா வச்சிட்டன். கேட்டு வாங்கி விட்டது ஆர் எண்டு நினைக்கிறியள், அந்தச் சிங்களப் பெடியங்கள் தான்! எங்கட மாமி பக்கத்தில இருந்து வெறும் சோத்தைப் பிசைஞ்சு கொண்டு இருந்தவ, பாவம், அண்டைக்கு வெள்ளிக்கிழமை.

இன்னொரு விசயம், 4 பேருக்கு எண்டு போடுற குறிப்பை 20 பேருக்கு அப்பிடியே அஞ்சால பெருக்கேலாது. பெரிய பானையில தண்ணி வத்திறது குறைவு, அஞ்சு மடங்கு தண்ணி விட்டாச் சோறு களி, அதை விட நடுத்தரப் பானை ரெண்டில வைக்கிறது நல்லம். உப்பும் உறைப்பும் குறைச்சுப் போட்டுப் பிறகு கூட்டலாம், கூடினதை எடுக்கேலாது. ரெண்டு அடுப்புத் தான் எங்கட வீடுகளில, எந்தச் சட்டி எந்த அடுப்பில எவ்வளவு நேரம் எண்டும் போடுங்கோ. 2022-ல காஸ் இல்லாம சிலிண்டரோட ரோட்டில நிண்ட எங்களுக்கு "மெல்லிய தீயில 2 மணித்தியாலம்" எண்டு வாசிச்சா இப்பவும் நெஞ்சு பதறுது.

அப்ப நான் கேக்கிறது இது தான். வேற நாட்டு இணையத்தில இருந்து எடுக்கிறதை விட்டிட்டு, மாதத்தில ஒருக்காவாவது இந்த ஊருக்குள்ள இருக்கிற ஒரு குசினியில இருந்து, வத்தளையோ தெகிவளையோ கொட்டாஞ்சேனையோ, ஒரு வீட்டுச் சமையலை ஆராவது நேர போய்ப் பாத்து, உங்கட ஆக்கள் ஒருக்காச் செய்து பாத்து, கிராமில எழுதிப் போடுங்கோ. கீழ ரெண்டு வரி, இது ஆருக்கு ஒத்துவரும் ஆருக்கு ஒத்துவராது, முதல் நாளே செய்யலாமா இல்லையா. படத்தைச் சின்னனாக்கினா இடம் காணும்.

முதல்ல நான் எதிர்பாக்கிறது கொம்பனித்தெரு மலே ஆக்களின்ர பாபத், மாட்டின்ர இரைப்பைக் கறி. பிட்டோட அதைச் சாப்பிட்ட நாளில இருந்து வீட்டில செய்ய ஆசை, ஆனா அந்த இரைப்பையைச் சுத்தம் செய்யிறது எப்பிடி எண்டு ஒருத்தர் ஒரு மாதிரிச் சொல்லுகினம், சுண்ணாம்பு எண்டுறா ஒருத்தி, சுடுதண்ணி காணும் எண்டுறா மற்றவ, வாசம் போக என்ன போடுறது எண்டும் தெரியேல்லை. வாசகர்களில அந்தப் பக்கத்து ஆக்கள் இருந்தா அளவோட எழுதி அனுப்புங்கோ, அடுத்த மாதம் எங்கட வீட்ட ஆக்கள் வருகினம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி